ஒரு பகலில் ஐந்து இடங்கள்: மலையேற்றத்துக்கு முந்தைய நாள் காத்மாண்டு சுற்றுலா பற்றி ஒரு மதிப்புரை

லாங்டாங் பள்ளத்தாக்குக்குப் புறப்படும் முன் காத்மாண்டுவில் எங்களுக்கு ஒரு முழு நாள் கையில் இருந்தது. மலையேற்றத்தை ஏற்பாடு செய்த நிறுவனமே அந்த நாளுக்கும் ஒரு திட்டம் வைத்திருந்தது: வண்டி, ஓட்டுநர், வழிகாட்டி, மதிய உணவு, நுழைவுச்சீட்டுகள் எல்லாம் அடக்கமாக நான்கு பேருக்கும் சேர்த்து 16,000 நேபாள ரூபாய். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறாமல் இருப்பதால் கணக்குப் போடுவது எளிது. நம் பணத்தில் 10,000 ரூபாய், தலைக்கு 2,500. அந்தப் பணத்துக்கு அந்த நாள் தகுமா என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. பயணிகள் தங்கும் தமேல் பகுதியில் நான் விசாரித்த மற்றவர்களும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் நீட்டினார்கள் என்பதால், பெயரைச் சொல்லி ஒருவரை மட்டும் குறை கூறுவது நியாயமும் ஆகாது. வண்டிக்கும் வழிகாட்டிக்கும் கொடுத்தது முழுக்கத் தகும். திட்டத்தைப் போட்டவருக்குக் கொடுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அனுப்பிய பயண நிரலில் இந்த நாளை 'உயரத்துக்கு உடலைப் பழக்கும் நாள்' என்று எழுதியிருந்தார்கள். காத்மாண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு இதைவிடச் சற்று உயரம். ஊட்டியோ 2,200 மீட்டரைத் தாண்டியது. உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகின்றன என்னும்போது, அதற்கு ஆயிரம் மீட்டர் கீழே ஒரு நகரத்தில் வண்டியில் சுற்றுவதால் உடல் எதற்கும் பழகிவிடாது. லாங்டாங் பாதையின் மேல் முனையில் உள்ள கியாஞ்சின் கோம்பா 3,870 மீட்டரில் இருக்கிறது. அங்கே போகும் உடலைப் பழக்குவது வழியில் மெதுவாக ஏறும் நாட்கள்தாம். ஆகவே இந்த நாளை நகரம் பார்ப்பதற்கும், தூங்கி எழுவதற்கும், விட்டுப்போன பொருள்களை வாங்குவதற்குமான நாளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றில் பின்னவை இரண்டுக்கும் இத்திட்டம் இடமே வைக்கவில்லை என்பது எங்கள் முதன்மையான குறை.

நாங்கள் போனது நவம்பரில், திகார் பண்டிகை முடிந்த கையோடு. தீபாவளியை ஒட்டி ஐந்து நாள் கொண்டாடும் அந்தப் பண்டிகையின் செண்டுமல்லி மாலைகள் வாசல்தோறும் சருகாகித் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே வாடாமல்லி மாலைகள் மட்டும் பெயருக்கேற்றபடி நிறம் மாறாமல் இருந்தன. காலை 8 மணிக்கு வண்டி வந்து நின்றுவிட்டது. நாங்கள்தான் தாமதம்: நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முந்தியது என்பதை நண்பர்களில் ஒருவரின் கைக்கடிகாரம் அறிந்திருக்கவில்லை. வண்டி எட்டுப் பேர் அமரக்கூடியது, சுத்தமானது. ஓட்டுநர் நாள் முழுவதும் ஒருமுறைகூட அவசரப்படவும் இல்லை, கைப்பேசியைத் தொடவும் இல்லை. வழிகாட்டி பக்கத்து நகரான படானைச் சேர்ந்த பெண்மணி; இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் இனத்தவர். இந்தியர்கள் என்றதும் இந்தியில் தொடங்கினார். எங்களில் இருவருக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது என்றதும் சிறிதும் முகம் சுளிக்காமல் ஆங்கிலத்துக்கு மாறி, மாலைவரை அதிலேயே பேசினார். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் முன்பதிவின்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. அவர் ஓட்டுநரை 'தாய்' என்று கூப்பிட்டபோது நாங்கள் நால்வரும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தோம். நேபாளியில் அண்ணன் என்று பொருளாம். அன்று மாலைக்குள் நாங்களும் அந்த மீசைக்காரரைத் தாய் என்றே அழைக்கப் பழகியிருந்தோம்.

புறப்படும் முன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, லாங்டாங் தேசியப் பூங்காவின் அனுமதிச்சீட்டு எடுப்பதற்காக எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் போனார். அப்போது அது இயல்பான காரியமாகத்தான் பட்டது. அதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் இடம் ஸ்வயம்பூநாத். குன்றின் மேல் இருக்கும் அந்தப் பௌத்தத் தூபிக்கு மேற்குப் பக்கமாக வண்டிப் பாதை உண்டு. அங்கே இறங்கினால் ஏறவேண்டிய படிகள் குறைவு. எங்களை இறக்கிவிட்டது கிழக்குப் பக்கத்தில், 365 படிகளின் அடியில். படம் எடுக்க அதுதான் அழகு என்பது நிரலில் எழுதப்பட்டிருந்த காரணம். கடைசிப் பகுதி நிமிர்ந்து நிற்கும் ஏணியைப் போல இருக்கிறது. நடுவில் போட்டிருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதியவர்கள் மணியை உருட்டியபடி ஏறுகிறார்கள். மூட்டு வலிக்காரர்களை இந்தப் பக்கம் கொண்டுவருவது தவறு என்றே சொல்வேன். ஆனால் எங்களுக்கு இந்தப் படிகள் எதிர்பாராத ஓர் உதவியைச் செய்தன. நண்பர் ஒருவர் மலையேற்றத்துக்கென வாங்கிய புதிய காலணியை அன்றுதான் முதன்முதலாக முழு நாளுக்கு அணிந்திருந்தார்; பாதிப் படியில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தபோது வலது குதிகாலில் பட்டாணி அளவுக்குத் தோல் சிவந்து, கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது. லாங்டாங் பாதையில் இரண்டாம் நாள் தெரியவேண்டியது இங்கேயே தெரிந்துவிட்டது. மலையேற்றக் காலணியை நகரிலேயே ஒரு நாள் போட்டு நடந்து பார்க்க வேண்டும் என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம், ஒருவரும் செய்வதில்லை.

மேலே நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு கிண்ணம்போலத் தெரிகிறது. இது ஒரு காலத்தில் ஏரியாக இருந்தது, போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ தன் வாளால் தெற்கே சோபார் மலையைப் பிளந்து நீரை வடியவிட்டார், ஏரியில் மிதந்த தாமரைதான் இந்தக் குன்றானது என்பது தலபுராணம். பள்ளத்தாக்கு பழைய ஏரிப் படுகை என்பதை நிலவியலாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்; வாளைப் பற்றி மட்டும் அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அன்று வடக்கே புகைமூட்டத்துக்கு மேலே வெண்மையாக ஒரு வரி தெரிந்தது. வழிகாட்டி விரலை நீட்டி, "அதோ, அது லாங்டாங் லிருங். அதன் காலடியில்தான் நீங்கள் நடக்கப்போகிறீர்கள்" என்றார். 7,200 மீட்டருக்கு மேற்பட்ட அந்தச் சிகரத்தை அந்தத் தொலைவிலிருந்து பார்த்ததும் எங்கள் பேச்சு நின்றுபோயிற்று. இங்கே திரியும் குரங்குகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கையில் உண்பொருள் வைத்திருக்காதீர்கள்.

அடுத்தது பழைய அரண்மனைச் சதுக்கமான அனுமான் தோக்கா. இங்கேதான் பாஸ்போர்ட் விவகாரம் முளைத்தது. இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவர்களுக்கு உள்ளதில் ஒரு பகுதிதான். ஆனால் அந்த நாட்டவர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். எங்கள் சான்றுகளோ அனுமதிச்சீட்டு எடுக்கப் போயிருந்தன. கைப்பேசியில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டி, என் வாக்காளர் அடையாள அட்டையையும் நீட்டி, வழிகாட்டி நேவாரியிலும் நேபாளியிலும் மாறி மாறிப் பேசியதில் 20 நிமிடம் போயிற்று. அலுவலகம் தினந்தோறும் செய்யும் வேலையில் இப்படி ஒரு முரண் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை என்பது வியப்பு.

உள்ளே போனதும் வழிகாட்டி எங்களை நேராகக் கூட்டிப்போனது அரண்மனைக்குள் அல்ல, அதன் வெளிச்சுவரில் பதித்திருக்கும் நீண்ட கல்வெட்டுக்கு. அரசர் பிரதாப மல்லர் 1664-இல் பொறித்தது. காளியைப் போற்றும் அந்தக் கல்லில் 15 மொழிகளின் எழுத்துகளும் சொற்களும் இருக்கின்றன. முழுவதையும் படித்துவிடுகிறவர் இருந்தால் கல்லிலிருந்து பால் வடியும் என்று ஊரார் சொல்கிறார்கள். வழிகாட்டி வரிகளினூடே விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார்: ரோமன் எழுத்தில் 'வின்ட்டர்', அருகிலேயே குளிர்காலத்துக்கும் இலையுதிர்காலத்துக்குமான பிரெஞ்சுச் சொற்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் இந்த மலைநாட்டுக்கு வந்த எவரிடமோ கேட்டு, பருவங்களின் பெயரை எழுதிவைத்திருக்கிறார் அந்த அரசர். கல்வெட்டு என்றாலே தேடிப்போய் நிற்கும் நம்மவர்கள் இந்த ஒரு சுவருக்காகவே இங்கே வரலாம். வாசலில் இருக்கும் அனுமன் சிலையும் அவர் 1672-இல் நிறுவியதுதான். பூசிப் பூசித் தடித்த செந்தூரத்தில் முகம் மறைந்து, இப்போது அது அனுமன் என்பதை நம்பிக்கையால்தான் அறிய வேண்டும். வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரியின் இல்லத்து முற்றத்தில் பத்து நிமிடம் காத்திருந்தோம்; அவர் முகம் காட்டும் சாளரம் திறக்கவில்லை.

சதுக்கத்தில் பார்க்கவேண்டிய இன்னொன்று, விழுந்து எழுந்த கட்டடங்கள். 2015 ஏப்ரல் 25 அன்று வந்த 7.8 அளவிலான நிலநடுக்கத்தில் நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். நகரத்துக்கே பெயர் கொடுத்த காஷ்டமண்டபம் என்ற மரமண்டபம் அன்று தரைமட்டமாயிற்று. உள்ளே அப்போது ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்தது. அதை மீண்டும் கட்டியெழுப்ப ஊர் மக்களே முன்னின்றிருக்கிறார்கள். புதிய செங்கல்லின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. வழிகாட்டி இதையெல்லாம் சுற்றுலா மொழியில் சொல்லாமல், அன்று தான் எந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தேன் என்பதிலிருந்து சொன்னார். அதே நிலநடுக்கத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லாங்டாங் கிராமத்தையே மூடிவிட்டது என்பதையும், நாங்கள் மூன்றாம் நாள் அந்த இடத்தின் மேலேதான் நடந்து போவோம் என்பதையும் அவர் வாயிலாகத்தான் முதன்முதலாகத் தெளிவாக அறிந்தோம். மலையேற்ற நிறுவனத்தின் நிரலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பாக்மதி ஆற்றைத் தாண்டினால் படான். என்னைக் கேட்டால் இந்த நாளின் பாதியை இங்கேயே செலவிட வேண்டும். நிரல் ஒதுக்கியிருந்ததோ சாப்பாட்டையும் சேர்த்து இரண்டு மணி நேரம். சதுக்கத்தைப் பார்த்தபடி மொட்டைமாடியில் அமைந்த ஓர் உணவகத்தில் எங்களுக்கு மதிய உணவு ஏற்பாடாகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியும் தண்ணீர்தான் வந்தது. அப்போது வழிகாட்டி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: இங்கே எப்போதும் ஒரு மணி நேரம் ஆகும், விருப்பமிருந்தால் தன்னோடு கீழே வரலாம். கொப்புளக்காரரும் இன்னொருவரும் நிழலை விட்டு எழ மறுத்துவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் இறங்கினோம். பின்னால் அவர்கள் ஆறிப்போன நூடுல்ஸின் கதையைச் சொன்னார்கள். எங்களுக்குச் சொல்ல வேறு கதை இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் ஒரு கடை. வாசலிலேயே அடுப்பு, அதன் மேல் கனமான இரும்புக்கல். ஓர் அம்மாள் பித்தளைப் பாத்திரத்திலிருந்து மாவைக் கையாலேயே அள்ளிக் கல்லில் வைத்து, விரல் நுனிகளால் வட்டமாகத் தட்டிவிட்டு, ஓரத்தில் எண்ணெயைச் சுற்றினார். மாவின் வாசனை எழுந்ததுமே தெரிந்துவிட்டது, அது அரைத்த உளுந்து. பாரா என்று அழைக்கிறார்கள். நேவார்களின் விசேஷங்களில் தவறாமல் இடம்பெறுவது. கறிவேப்பிலையும் பெருங்காயமும் போடாத உளுந்து அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் மெத்தென்றும் இருந்தது. முட்டை ஊற்றியும் தருகிறார்கள். நாங்கள் ஆளுக்கு மூன்று சாப்பிட்டு, ஏற்கெனவே கொடுத்த மதிய உணவுக் கட்டணம் வீணாகிப்போனதை மறந்தோம். மறுநாள் எட்டு மணி நேரம் ஜீப்பில் குலுங்கப்போகிற வயிறு என்பதால், எதிரே கல்லிலிருந்து சுடச்சுட எடுத்துக் கொடுப்பதைச் சாப்பிடுவதே பாதுகாப்பு என்பதும் வழிகாட்டி சொன்ன காரணம். சரியான காரணம்.

அங்கிருந்து மங்க ஹிட்டிக்குப் போனோம். அரண்மனைக்கு எதிரே தரைமட்டத்துக்குக் கீழே படி இறங்கிச் செல்லும் ஒரு நீர்த்துறை. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் கோயில் கோமுகியைப் போலவே சுவரிலிருந்து நீண்டிருக்கும் மூன்று கல் மகரங்களின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது. தும்பிக்கைபோல மேல்நோக்கிச் சுருண்ட மூக்கு, அதன் கீழே வரிசையாகப் பற்கள்; தொட்டுத் தொட்டு வழவழத்துப்போன கல். ஒரு சிறுமி ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். உலக மரபுரிமைச் சின்னம் என்று 1979-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஓர் இடத்தில் ஊர்க்காரர்கள் இன்னும் குடத்தோடு வந்து நிற்பதுதான் படானின் அழகு. அருகில் உள்ள மண்டபங்களும், சதுக்கத்தின் சார் நாராயண், ஹரிசங்கர் கோயில்களும் 2015-இல் சரிந்து, எடுத்துக்கட்டப்பட்டவை. மீட்டெடுத்த பழைய மரத்தையும் புதிதாகச் செதுக்கிய மரத்தையும் இணைத்திருக்கும் இடத்தை வழிகாட்டி காட்டினார்: கறுத்த மரத்தில் பாதித் தாமரை, வெளிறிய மரத்தில் மீதிப் பாதி.

1637-இல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டிய கிருஷ்ணர் கோயில் முழுவதும் கல், 21 பொற்கலசங்கள். கீழ்த்தளத்து உத்தரத்தைச் சுற்றி மகாபாரதக் காட்சிகளும் அதற்கு மேல் தளத்தில் ராமாயணக் காட்சிகளும் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. அண்ணாந்து பார்த்து, இது பீமன், இது அபிமன்யு என்று நாங்கள் பந்தயம் வைத்துக்கொண்டிருந்தபோதே ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. படான் அருங்காட்சியகத்தின் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். நுழைவுச்சீட்டில் அதுவும் அடக்கம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இப்படி அவசரமாகக் கிளம்பிப் போன இடம் பசுபதிநாதர் கோயில். போய்ச் சேர்ந்தது மூன்றே கால் மணிக்கு. நடை சாத்தியிருந்தது. நண்பகலில் சாத்தினால் மாலை 5 மணிக்குத்தான் கருவறைக் கதவுகள் திறக்கும் என்பது காத்மாண்டுவில் எல்லோரும் அறிந்த செய்தி. இந்துக்கள் அல்லாதவர்கள் மூலக்கோயிலுக்குள் போக முடியாது. அவர்கள் எந்த நேரம் வந்தாலும் ஆற்றின் எதிர்க்கரையிலிருந்துதான் பார்ப்பார்கள். ஐரோப்பியப் பயணிகளுக்காக என்றோ போட்ட நேர அட்டவணையை அப்படியே எங்களுக்கும் நீட்டிவிட்டார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. தமிழ்நாட்டிலிருந்து நாலாயிரம் கோயில் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, மூடிய கதவுக்கு முன் கொண்டுபோய் நிறுத்துவதைவிட வேறென்ன குறை வேண்டும்? காலை ஏழு மணிக்கே பசுபதியில் தொடங்கலாம் என்று தான் முன்தினமே அலுவலகத்தில் கேட்டதாகவும், விடுதியின் காலை உணவு ஏழரைக்குத்தான் என்று மறுத்துவிட்டதாகவும் வழிகாட்டி சொன்னார். இட்லியைவிட ஈசன் முக்கியம் என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

வெளிமுற்றத்தில் மேற்கு வாசலுக்கு எதிரே இருக்கும் பெரிய பொன்முலாம் நந்தியின் பின்புறத்தையும், இரண்டடுக்குக் கூரையையும், வெள்ளித் தகடு போர்த்திய கதவையும் பார்த்தோம். உள்ளே படம் எடுக்கக் கூடாது. தோல்பொருள்களுக்கும் அனுமதி இல்லை. இங்கே மூலவருக்குப் பூசை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். தென்னாட்டு அர்ச்சகர்களை அமர்த்தும் இந்த வழக்கத்தை 2009-இல் மாற்ற முயன்று, எதிர்ப்பு எழுந்ததால் அரசு கைவிட்டது. பிறகு எதிர்க்கரைப் படிகளில் உட்கார்ந்தோம். 'ஆரிய காட்' என்னும் ஆற்றங்கரை எரிதுறையில் ஒரு சிதை எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்றுக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் பலர் நீளமான லென்ஸ்களை அந்தக் குடும்பத்தை நோக்கித் திருப்பியிருந்தார்கள். எங்கள் நண்பர் கேமராவைப் பையில் வைத்து மூடினார். வழிகாட்டியும் அந்த நேரத்தில் எதையும் விளக்கவில்லை. அவர் மேல் எனக்கு மதிப்பு கூடிய இடம் அது.

பௌத்தநாத் தூபிக்குப் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நவம்பரில் ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. திட்டத்தின் கோளாறால் தாமதமாகப் போனதே இங்கே நன்மையாக முடிந்தது. பகல்நேரக் கூட்டம் கலைந்து, அந்தப் பக்கத்துத் திபெத்தியர்கள் மாலைச் சுற்றுக்கு வரும் வேளை. தூபியை இடமிருந்து வலமாகத்தான் சுற்ற வேண்டும். நம் பிரதட்சிணம் போலவேதான் என்பதால் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜபமாலையோடு நடக்கும் பாட்டிமார்களின் வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெண்ணெய் விளக்குகள் வரிசையாக எரியும் ஒரு மேடையருகே ஒரு துறவி, அணைந்த அகல்களை எடுத்துத் துணியால் துடைத்து, திரி போட்டு, மீண்டும் அடுக்கிக்கொண்டிருந்தார். கை வேலையைப் பார்க்க, உதடுகள் மந்திரத்தை நிறுத்தவே இல்லை. நிலநடுக்கத்தில் சேதமடைந்து, பக்தர்களின் காணிக்கையால் 2016 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட பொற்கூம்பு விளக்கொளியில் தெரிந்தது. தூபியின் கண்களுக்கு நடுவே மூக்குபோல வரைந்திருப்பது நேபாள எண் ஒன்று என்று வழிகாட்டி சொன்ன பிறகு அது மூக்காகத் தெரிய மறுத்துவிட்டது. மூன்று சுற்றுகள் நடந்தோம். நாளில் முதன்முறையாக யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தமேலுக்குத் திரும்பியது ஏழரை மணிக்கு. இரண்டு தூக்கப்பைகளும் ஒரு இறகு மேலங்கியும் வாடகைக்கு எடுக்கவேண்டியிருந்தது. நீர் சுத்திகரிப்பு மாத்திரை, கொப்புளத்துக்கான ஒட்டுநாடா, தடித்த காலுறை ஆகியவற்றையும் வாங்க வேண்டும். கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இறக்கிக்கொண்டிருந்தன. தூக்கப்பையை விரித்து, ஜிப் கடைசிவரை ஓடுகிறதா, உள்ளே ஈரவாடை அடிக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் எடுத்த இரண்டில் ஒன்றின் ஜிப் லாங்டாங் குளிரில் பாதியிலேயே நின்றுவிட்டது, அதற்குள் படுத்தவன் நான். ஒரு நாளைக்கு 150 நேபாள ரூபாய் வாடகை, முன்பணம் தனி. சில கடைகளில் யுபிஐ மூலம் பணம் செலுத்த முடிந்தது. மற்ற இடங்களில் கொண்டுபோயிருந்த இந்திய 100 ரூபாய்த் தாள்களை வாங்கிக்கொண்டார்கள்.

கணக்கு முடிக்கும்போது இன்னொன்று தெரிந்தது. எங்களுக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் நுழைவுக் கட்டணங்களை மற்ற வெளிநாட்டவருக்கான விகிதத்தில் போட்டிருந்தார்கள்; கையில் இருந்த சீட்டுகளோ சார்க் விகிதத்தில் எடுத்தவை. பசுபதியில் எங்களுக்குக் கட்டணமே இல்லை. சீட்டுகளைப் பத்திரமாக எங்களிடமே கொடுத்துவைத்தவர் வழிகாட்டிதான். அலுவலகத்தில் சீட்டுகளை மேசையில் பரப்பிக் கேட்டபோது, முதலில் மொத்த விலை என்றால் மொத்த விலைதான் என்றார்கள். பிறகு, காலையில் ஜீப் புறப்படும் முன், வித்தியாசத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மீதியைக் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

இதே நாளை நீங்கள் எடுப்பதாக இருந்தால் மதிய உணவையும் நுழைவுச்சீட்டையும் விலையிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். வண்டி, வழிகாட்டி இரண்டுக்கு மட்டும் பேசுங்கள். விடியற்காலையில் பசுபதி, பிறகு படான், மாலையில் பௌத்தநாத் என்று மூன்றோடு நிறுத்தினால் நான்கு மணிக்கு ஒரு மணி நேரம் தமேலில் பொருள் எடுக்கவும் இடம் கிடைக்கும். ஸ்வயம்பூநாத்தும் அனுமான் தோக்காவும் தமேலுக்கு அருகிலேயே இருப்பதால் மலையிலிருந்து திரும்பிய பிறகு நடந்தேகூடப் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்படி ஆனால் வாக்காளர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். லுக்லாவுக்குப் பறந்து எவரெஸ்ட் பக்கம் போகிறவர்கள் இந்த நாளை இன்னும் பாதியாக வெட்ட வேண்டும். கூட்டமான பருவத்தில் அந்த விமானங்கள் பல காத்மாண்டுவிலிருந்து அல்லாமல் தொலைவில் உள்ள மந்தலி என்ற ஊரிலிருந்து புறப்படுவதால், காத்மாண்டுவை நள்ளிரவு தாண்டியதுமே விட்டுக் கிளம்ப நேரிடும்.

எங்களுக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் மிச்சமிருந்தது. அந்த வழிகாட்டியை நேரடியாகவே அழைத்து, ஒரு டாக்சி பிடித்து, காலை ஆறரைக்குப் பசுபதிநாதர் கோயில் வாசலில் நின்றோம். வரிசை 40 நிமிடம். நான்கு வாசல்களும் திறந்திருந்தன. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு முகம் காட்டும் லிங்கத்தைச் சுற்றிவந்து நான்கு முறை பார்த்தோம். பத்து மணிக்குப் படான் அருங்காட்சியகத்தின் கதவு திறந்தபோது முதல் சீட்டு எங்களுடையது. இந்த முறை பாஸ்போர்ட்டும் கையில் இருந்தது.